ஊருக்கு ஒரே ஒரு ஸ்மித்

உலக கிரிக்கெட்டில் ஸ்மித்களை மட்டும் பொறுக்கி எடுத்தாலே ஒரு நல்ல அணி தேறிவிடும். ஆட்டத்தைத் தொடங்க தென்னாப்பிரிக்காவின் கிரேம் ஸ்மித், கூடவே சிஎஸ்கே ரசிகர்களுக்கு நன்றாகப் பழக்கமான பார்படாஸ்காரர் டுவைன் ஸ்மித். அடுத்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித். நடுவரிசைக்கு இங்கிலாந்தின் ராபின் ஸ்மித்தும் வெஸ்ட் இண்டீஸின் காலி ஸ்மித்தும். கீப்பர் வேண்டுமா? நியூசிலாந்தின் இயன் ஸ்மித் இருக்கிறார், இங்கிலாந்தின் ஜேமி ஸ்மித்தும் இருக்கிறார். பந்து வீசத்தான் கொஞ்சம் ஆள் தட்டுப்பாடு.

கிரிக்கெட்டை விட்டு வெளியே வந்தாலும் ஸ்மித்கள் விடமாட்டார்கள். பொருளாதாரம் படித்தால் முதல் வகுப்பிலேயே ஆடம் ஸ்மித். இந்திய வரலாறு படித்தால் வின்சென்ட் ஸ்மித். ஹாலிவுட் என்றால் வில் ஸ்மித். ஹாரி பாட்டர் படங்களில் பேராசிரியர் மெக்கோனகலாக வந்து மிரட்டிய அம்மையார் மேகி ஸ்மித். இவர்களில் ஒருவருக்கொருவர் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயர் மட்டும் ஒன்று.

இது எப்படி நடந்தது என்று யாரைக் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். ஸ்மித் என்றால் கொல்லர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கொல்லர்கள் ஏராளம். அதனால் அந்தப் பெயரும் ஏராளம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் நேர் எதிர். ஒரு ஊரில் கொல்லர்கள் நிறைய இருந்திருந்தால் இந்தப் பெயர் அங்கே ஒட்டியே இருக்காது. ஊருக்கு ஒரே ஒருவர் இருந்ததால்தான் ஒட்டியது. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்.

எத்தனை ஸ்மித்கள்?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் அரசே பதிவுசெய்வது 1837-ல் தொடங்கியது. பதிவேடுகள் குவியக் குவிய, எந்தக் குடும்பப் பெயர் அதிகம் என்று எண்ணிப் பார்க்க வழி கிடைத்தது. பதிவுத் துறைத் தலைவர் 1856-ல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. 1853-ல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து சுமார் 2,53,600 ஸ்மித்கள். எழுபத்து மூன்று பேரை வரிசையில் நிறுத்தினால் அதில் ஒருவர் ஸ்மித். இரண்டாம் இடத்தில் 2,42,100 பேரோடு ஜோன்ஸ் மூச்சுவிடும் தூரத்தில் நிற்கிறது. ஆனால் ஜோன்ஸின் பலம் பெரும்பாலும் வேல்ஸிலிருந்து வந்தது. ஸ்மித்தோ இங்கிலாந்து முழுக்கப் பரவிக் கிடந்த பெயர்.

அமெரிக்காவில் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஸ்மித் என்ற பெயர் கொண்டவர்கள் 24,42,977 பேர். அங்கும் முதலிடம். அடுத்து வரும் ஜான்சன் 19 லட்சத்துச் சொச்சம். ஸ்காட்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும்கூட ஸ்மித்தான் முன்வரிசை. வேல்ஸ் மட்டும் ஜோன்ஸின் கோட்டை.

ஜான் என்றால் எந்த ஜான்?

இனி பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போவோம். 1066-ல் நார்மன்கள் வந்து நாட்டைப் பிடித்த பிறகு பழைய ஆங்கிலப் பெயர்கள் மெல்ல வழக்கொழிந்தன. சில தலைமுறைகளில் ஊர் முழுக்க ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ். ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இந்த ஐந்து பெயர்களுக்குள் அடங்கிவிட்டார்கள். ஐம்பது குடும்பம் உள்ள கிராமத்தில் தெருவில் நின்று "ஜான்!" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

எந்த ஜான் என்று சொல்ல ஓர் அடையாளம் தேவைப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு நான்கு வழி இருந்தது. அப்பன் பெயரைச் சேர்க்கலாம்: ஜான்சன், ராபின்சன் வகை. இருக்கும் இடத்தைச் சேர்க்கலாம்: குன்றடியில் குடியிருப்பவர் ஹில், ஓடையருகே இருப்பவர் புரூக். ஆளின் தோற்றத்தைச் சொல்லலாம்: பழுப்பு முடிக்காரர் பிரவுன், குள்ளமானவர் ஷார்ட். இல்லையென்றால் செய்கிற தொழிலைச் சொல்லலாம்: பேக்கர், டெய்லர், குக், ஸ்மித்.

இங்கேதான் சூட்சுமம். அடையாளம் என்றால் அது ஒருவரைப் பிரித்துக் காட்ட வேண்டும். அன்றைய கிராமத்தில் பெரும்பாலானவர்கள் என்ன தொழில் செய்தார்கள்? நிலத்தில் உழுதார்கள். அப்படியானால் ஏர் ஓட்டுபவர் என்று பொருள்படும் பிளவ்மேன்தானே இன்று இங்கிலாந்தின் முதல் குடும்பப் பெயராக இருக்க வேண்டும்? பெயர் இருக்கிறது, ஆனால் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் ஏர் பிடிக்கும்போது "ஏர்க்கார ஜான்" என்று சொல்லி யாரைப் பிரித்துக் காட்டுவது? ஃபார்மர் என்ற குடும்பப் பெயர்கூட விவசாயியிடமிருந்து வரவில்லை. வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவரைத்தான் அன்று அப்படிச் சொன்னார்கள். விவசாயி என்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது.

கொல்லர் கதை வேறு. கொல்லர் இல்லாமல் ஊர் நடக்காது. அதே நேரம் ஒரு ஊரில் இரண்டு கொல்லர்களுக்கு வேலை இருக்காது. அவருடைய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். விடிந்ததும் துருத்தி ஊதி உலையை மூட்ட வேண்டும். தேய்ந்துபோன கலப்பைக் கொழுவைக் காய்ச்சி, முனையில் புது இரும்பு ஒட்டி, அடைகல்லில் வைத்து அடித்து நீட்ட வேண்டும். வாசலில் குதிரை நிற்கும். குளம்பைச் சீவி, லாடத்தைச் சூட்டோடு வைத்துப் பார்த்து அளவு சரிசெய்து ஆணி அறைய வேண்டும். அறுவடை நெருங்கினால் அரிவாள்கள் வரிசை கட்டும். தேவாலயக் கதவுக்குக் கீல், கிணற்று வாளிக்கு வளையம், வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை, வீடு கட்டுபவருக்கு ஆணி. இரும்பு என்று எதை எடுத்துக்கொண்டு போனாலும் போகிற இடம் அந்த ஒரே பட்டறைதான். அதனால் "ஸ்மித் ஜான்" என்றால் ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது.

இப்படி ஆயிரக்கணக்கான கிராமங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கொல்லர். ஒவ்வொருவரும் அவரவர் ஊரில் தனி ஆள். ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது. அத்தனை பேருக்கும் அவரவர் ஊர்க்காரர்கள் தனித்தனியாக ஒரே பெயரை வைத்தார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் நாட்டிலேயே மிகச் சாதாரணமான பெயர் கிடைக்கிறது. பிறந்த இடத்தில் பார்த்தால் அது மிகத் துல்லியமான பெயர்.

இதற்கு இன்னொரு சான்று நகரங்களில் கிடைக்கிறது. பெருநகரத்தில் உலோக வேலை செய்பவர்கள் பலர். அங்கே வெறும் ஸ்மித் என்றால் போதாது. எந்த வேலை என்று சொல்லியாக வேண்டும். அதனால்தான் அம்பு முனை அடிப்பவர் ஆரோஸ்மித், பொன் வேலை செய்பவர் கோல்ட்ஸ்மித், லாடம் அடிப்பவர் ஷூஸ்மித், செம்பு வேலைக்காரர் கிரீன்ஸ்மித், கத்தி செய்பவர் நெய்ஸ்மித் என்று பெயர்கள் கிளைத்தன. 1891-ல் கூடைப்பந்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் குடும்பப் பெயர் இந்த வகைதான். சிக்ஸ்மித் என்று ஒரு பெயர் உண்டு. ஆறு கொல்லர்களோ என்று தோன்றும். அரிவாள் அடிப்பவர் என்பதுதான் அதன் மூலம். கூட்டம் கூடிய இடத்தில் பெயர் நீண்டது, தனியாள் இருந்த இடத்தில் குட்டையாகவே நின்றது.

வரிக்காரர் எழுதிய பெயர்

ஊர்க்காரர் வாயில் இருக்கும்வரை அடைமொழி மாறிக்கொண்டே இருக்கும். டர்ஹம் பகுதியில் சுமார் 975-ஆம் ஆண்டிலேயே எக்கியார்ட் என்ற ஒருவருக்கு ஸ்மித் என்ற அடைமொழி பதிவாகியிருக்கிறது. பழமையான பதிவு என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அது அவருடைய தொழிலைச் சொன்ன அடைமொழி. பிள்ளைக்குப் போன குடும்பப் பெயர் இல்லை. மகன் ரொட்டி சுட்டால் அவன் பேக்கர் ஆகிவிடுவான், அவ்வளவுதான்.

அடைமொழியைக் கெட்டிப்படுத்தியதில் சொத்துக்கும் வரிக்கும் பெரிய பங்கு உண்டு. நிலம் யாருக்குச் சேரும் என்று எழுதிவைக்கத் தொடங்கியதும், "இன்னாருடைய மகன்" என்று காட்ட அப்பன் பெயரையே பிடித்துக்கொள்வது லாபமாக இருந்தது. நார்மன் பிரபுக்கள் இதை முதலில் செய்தார்கள். சாதாரண மக்களுக்கு அது இறங்கிவர இருநூறு, முந்நூறு வருடம் ஆனது. ஏறத்தாழ 1400-க்குள் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலையான பெயர் வந்துவிட்டது.

அந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தை நமக்குக் காட்டுபவை தலைவரிப் பட்டியல்கள். 1377-ல் முதல் தலைவரி: பதினான்கு வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும், பிச்சைக்காரர் தவிர, நான்கு பென்னி கட்ட வேண்டும். 1379-ல் தகுதிக்கேற்ற வரி: சாதாரணத் தம்பதிக்கு நான்கு பென்னி, கைத்தொழில்காரர்களுக்கு அதைவிடக் கூட. வரி தொழிலைப் பொறுத்து மாறியதால் அந்த ஆண்டின் பல பட்டியல்களில் பெயரோடு தொழிலையும் எழுதினார்கள். அதைப் படிக்கும்போது நமக்குக் கண்ணெதிரே ஒரு விஷயம் நடக்கிறது. ஸ்மித் என்ற பெயர்க்காரர் சில வரிகளில் உண்மையிலேயே கொல்லர். இன்னும் சில வரிகளில் அவர் வேறு ஏதோ வேலை பார்க்கிறார். பெயர் தொழிலை விட்டுக் கழன்று தனியாக நடக்கத் தொடங்கிவிட்டது.

எழுத்தர்கள் லத்தீனில் எழுதியதால் இன்னொரு சிக்கல். கொல்லரை ஃபேபர் என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். ஊரில் ஸ்மித் என்று கூப்பிடப்பட்டவர் ஏட்டில் ஃபேபராக இருப்பார். அதனால் பழைய ஏடுகளில் ஸ்மித்களைத் தேடுபவர்கள் இரண்டு பெயரையும் தேட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஐ எழுத்துக்குப் பதிலாக ஒய் போட்டு ஸ்மித்தை எழுதும் பழக்கமும் இருந்தது. அன்றைய கையெழுத்தில் எம், ஐ இரண்டும் வெறும் செங்குத்துக் கோடுகள். அடுத்தடுத்து வந்தால் எது எது என்று தெரியாது. ஒய் போட்டால் கண்ணுக்குத் தெளிவு. பின்னாளில் அந்த ஒய்க்காரர்களில் சிலர் "நாங்கள் வேறு" என்று ஸ்மைத் என்று உச்சரிக்கத் தொடங்கி, கடைசியில் ஓர் ஈ எழுத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். எழுத்தர் வசதிக்குப் போட்ட கோடு குடும்ப கௌரவமாகிவிட்டது.

மூன்றாவது தலைவரி ஆளுக்குப் பன்னிரண்டு பென்னி. அதுதான் 1381-ல் விவசாயிகள் கிளர்ச்சியைக் கிளப்பியது. அந்தக் கிளர்ச்சியின் தலைவர் பெயர் வாட் டைலர். கூரைக்கு ஓடு வேய்பவர் என்று அர்த்தம்.

பெயர் தொழிலை விட்டுவிட்டது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட ஆண்டு 1413. நீதிமன்ற ஆணைகளிலும் குற்றச்சாட்டுகளிலும் ஒருவரின் பெயரை எழுதினால் மட்டும் போதாது, அவருடைய அந்தஸ்து அல்லது தொழில், குடியிருக்கும் ஊர் எல்லாவற்றையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ஐந்தாம் ஹென்றியின் முதல் ஆண்டில் சட்டம் வந்தது. பெயரே தொழிலைச் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தச் சட்டத்துக்கு அவசியமே இருந்திருக்காது. பிறகு 1538-ல் தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுதியாக வேண்டும் என்று உத்தரவிட்டார். அதற்குப் பின் பெயர் இன்னும் கெட்டியானது.

தொழில் போய்ப் பெயர் மட்டும் நின்றதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஆடம் ஸ்மித். அவருடைய அப்பா சுங்க அதிகாரி. உலைச் சூடு படாத குடும்பம். ஆனால் 1776-ல் வெளிவந்த அவருடைய பெரிய நூலின் முதல் அத்தியாயத்தில், குண்டூசித் தொழிற்சாலை உதாரணத்துக்குப் பிறகு, ஒரு கொல்லரை அழைத்துக்கொண்டு வருகிறார். சுத்தியல் பிடித்துப் பழகினாலும் ஆணி அடித்துப் பழகாத கொல்லர் ஒரு நாளில் இருநூறு, முந்நூறு ஆணிதான் அடிப்பார், அதுவும் மட்டமாக இருக்கும். ஆணி வேலையைத் தவிர வேறெதுவும் செய்யாத, இருபது வயதுகூட ஆகாத பையன்கள் ஆளுக்கு 2,300-க்கும் மேல் அடிப்பதைத் தானே பார்த்ததாக எழுதுகிறார். ஊரின் எல்லா இரும்பு வேலையும் தெரிந்த ஒற்றைக் கொல்லரின் காலம் முடியப்போகிறது என்று சொன்னவர் பெயரே ஸ்மித். அவர் அதைக் கவனித்தாரா தெரியாது, நான் ஒவ்வொரு முறையும் அங்கே சிரித்துவிடுவேன்.

பக்கத்து வாசல் வழியாக வந்தவர்கள்

இங்கிலாந்துக் கிராமக் கொல்லர்களின் வாரிசுகள் மட்டும் இந்த எண்ணிக்கையை எட்டியிருக்க முடியாது. வேறு பல வாசல்கள் வழியாகவும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

கொல்லரைக் குறிக்கும் குடும்பப் பெயர் ஐரோப்பா முழுக்க உண்டு. ஜெர்மனியில் ஷ்மிட், பிரான்சில் லெஃபெவ்ர், இத்தாலியில் ஃபெராரி, ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்னெட்சோவ். அரபு நாடுகளில் ஹத்தாத். இவர்களில் ஆங்கிலம் பேசும் நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் பலர் தங்கள் பெயரை ஸ்மித் என்று மாற்றிக்கொண்டார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் பெயர் வைத்திருப்பதே ஆபத்தாக இருந்தபோது ஷ்மிட்கள் ஸ்மித்களானார்கள். அந்தப் போரின் நடுவே, 1917-ல், பிரிட்டிஷ் அரச குடும்பமே தன் ஜெர்மன் பெயரை விட்டுவிட்டு வின்ட்சர் ஆனது. சாதாரண ஷ்மிட் என்ன செய்வார்?

அயர்லாந்தில் மெக்கவன் என்றால் கொல்லரின் மகன். கேவன் மாவட்டத்தில் அந்தப் பெயர்க்காரர்கள் பெருமளவில் ஸ்மித் என்று மொழிபெயர்த்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தின் கேலிக் பேசும் மலைப்பகுதிகளிலும் இதே கதை. இங்கிலாந்தின் ரோமானி மக்களிடையே பெட்டுலெங்ரோ என்ற பெயர் உண்டு. லாடம் அடிப்பவர் என்று பொருள். வெளியாருக்கு அவர்கள் ஸ்மித். மாறாக, தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலில் கொல்லரின் உள்ளூர்ப் பெயர் அங்கோவ் என்றே நிலைத்துவிட்டது. 1497-ல் வரிக்கு எதிராக லண்டன்வரை படை திரட்டிப் போய், தூக்குமேடை ஏறிய மைக்கேல் ஆன் கோஃப் தொழிலாலும் கொல்லர்தான்.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான வாசல் ஒன்று உண்டு. 2010 கணக்கின்படி அமெரிக்க ஸ்மித்களில் சுமார் 23 விழுக்காட்டினர், அதாவது ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்டோர், கறுப்பின மக்கள். அடிமை முறை இருந்த 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அடுத்த கட்டங்களில் வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர்? பெரும்பாலும் கிடையாது. விடுதலைக்குப் பின் 1870-ல் எடுத்த கணக்கில்தான் அந்த மக்கள் முழுப்பெயரோடு மொத்தமாக முதல் முறை பதிவானார்கள். முதலாளியின் பெயரைத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்வது சரியில்லை. பலர் அதற்கு முன்பே தங்களுக்குள் ஒரு குடும்பப் பெயரை வைத்து வழங்கிவந்திருக்கிறார்கள், சிலர் தாங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கரீபியன் தீவுகளின் ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்குப் பின்னாலும் அடிமைகள் உழைத்த தோட்டங்களின் வரலாறுதான் இருக்கிறது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் தங்கம் வாங்கிக்கொண்டு, கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தி நின்றவர் பெயர் டாமி ஸ்மித்.

ஒளிய ஒரு பெயர், தப்பிக்க ஒரு பெயர்

ஒரு பெயர் இவ்வளவு பெருகிவிட்டால் அது ஒளிந்துகொள்ளத் தோதாகிவிடும். 1848 பிப்ரவரியில் பாரிஸில் புரட்சி வெடித்து பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் முடி துறந்தார். தப்பித்தால் போதும் என்று கடற்கரைக்கு ஓடினார். லெ ஆவ்ர் துறைமுகத்தில் இருந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ஒருவர் கைகொடுத்தார். மன்னர் கிருதாவை மழித்து, பெரிய கண்ணாடி போட்டு, முரட்டுக் கோட்டும் தொப்பியுமாக வந்து சேர்ந்தார். அதிகாரி அவரைத் தன் மாமா போல அழைத்துக்கொண்டு கப்பலேற்றினார். மாமாவின் பெயர் மிஸ்டர் ஸ்மித். மார்ச் 3-ஆம் தேதி அந்த மிஸ்டர் ஸ்மித் இங்கிலாந்தின் நியூஹேவனில் இறங்கினார். இதில் ஒரு வேடிக்கை: உதவிய அதிகாரியின் குடும்பப் பெயர் ஃபெதர்ஸ்டன்ஹாவ். எழுத்தில் முழ நீளம் இருக்கும் அந்தப் பெயரை ஃபேன்ஷா என்றும் உச்சரிப்பார்கள். ஒளிய வேண்டியவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்திருந்தால் துறைமுகத்திலேயே மாட்டியிருப்பார்.

ஜார்ஜ் ஆர்வெல் 1949-ல் வெளியிட்ட நாவலில் அரசின் கண்காணிப்பில் நசுங்கும் மனிதனுக்கு வின்ஸ்டன் ஸ்மித் என்று பெயர் வைத்தார். முன்பாதியில் போரை வென்ற சர்ச்சில், பின்பாதியில் யாரோ ஒருவன். மான்செஸ்டரில் 1982-ல் தொடங்கிய ஒரு ராக் குழு, இருப்பதிலேயே சாதாரணமான பெயராக இருக்கட்டும் என்று தன்னை தி ஸ்மித்ஸ் என்று அழைத்துக்கொண்டது.

மறுபக்கம், ஸ்மித்திலிருந்து தப்பித்து ஓடியவர்களும் உண்டு. மௌனப் படக் காலத்தின் உச்ச நட்சத்திரம் மேரி பிக்ஃபோர்டின் பிறந்த பெயர் கிளாடிஸ் ஸ்மித். மேகி ஸ்மித் குடும்பப் பெயரை விடவில்லை, ஆனால் அவருடைய உண்மைப் பெயர் மார்கரெட். லண்டன் மேடையில் ஏற்கெனவே ஒரு மார்கரெட் ஸ்மித் இருந்ததால் முதல் பெயரைச் சுருக்கிக்கொண்டார்.

ஆனால் தப்பி ஓடியவர்களில் பெரிய கதை ஹியூ ஸ்மித்சனுடையது. ஸ்மித்சன் என்றால் கொல்லரின் மகன். யார்க்‌ஷயரைச் சேர்ந்த இந்தப் பிரபு 1740-ல் பெர்சி என்ற பழம்பெரும் குடும்பத்துச் சொத்துக்கு வாரிசான பெண்ணை மணந்தார். சொத்து வந்தது, பட்டம் வந்தது. 1750-ல் நாடாளுமன்றச் சட்டம் போட்டு ஸ்மித்சனைக் கழற்றிவிட்டு பெர்சி ஆனார். பிறகு நார்தம்பர்லேண்ட் கோமகனும் ஆனார். அவருக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு மகன் பிறந்தான். அம்மாவின் பெயரால் ஜேம்ஸ் மேசி என்று வளர்ந்தான். பெர்சி என்ற பெயருக்கு அவனுக்கு உரிமை இல்லை. வேதியியல் படித்து ராயல் சொசைட்டி உறுப்பினரான பிறகு, அம்மா இறந்ததும், அவர் தன் பெயரை மாற்றிக்கொண்டார். எதற்கு? அப்பா வேண்டாம் என்று தூக்கிப் போட்ட ஸ்மித்சனுக்கு.

1829-ல் ஜெனோவாவில் காலமான ஜேம்ஸ் ஸ்மித்சன், தன் தம்பி மகனுக்குச் சொத்தை எழுதினார். அவன் வாரிசில்லாமல் இறந்தால், அறிவை வளர்க்கவும் பரப்பவும் வாஷிங்டனில் தன் பெயரால் ஒரு நிறுவனம் தொடங்க அமெரிக்காவுக்கு எல்லாம் போக வேண்டும் என்று உயில். அமெரிக்க மண்ணை அவர் மிதித்ததே இல்லை. தம்பி மகன் 1835-ல் வாரிசின்றி இறந்தான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தங்கக் காசுகள் கப்பலேறின. 1846-ல் ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவானது. பெர்சிகளை இங்கிலாந்து வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். ஸ்மித்சன் பெயர் உலகத்தின் மிகப் பெரிய அருங்காட்சியகத் தொகுப்பின் வாசலில் தொங்குகிறது.

ஸ்மித்கள் எல்லாம் சொந்தமா?

அப்பன் வழியாக மகனுக்குப் போவது குடும்பப் பெயர் மட்டுமா? ஒய் குரோமோசோமும் அப்படித்தான் போகிறது. இதை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு மரபியல் பேராசிரியர் பிரையன் சைக்ஸ் 2000-ஆம் ஆண்டில் தன் குடும்பப் பெயர்க்காரர்களையே சோதித்தார். சைக்ஸ்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. பழைய காலத்து ஒரே மூதாதையை அது காட்டியது. பிறகு லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 40 பெயர்களை எடுத்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். அட்டன்பரோ போன்ற அரிய பெயர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே வேரில் கிளைத்தவர்கள். ஸ்மித்களோ? தெருவில் போகிற யாரோ இரண்டு பேரை நிறுத்திச் சோதித்தால் எவ்வளவு ஒற்றுமை இருக்குமோ அவ்வளவுதான். பின்னாளில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புகள் மூன்றாம் ரிச்சர்ட் மன்னருடையவை என்று மரபணு மூலம் உறுதிசெய்த குழுவில் இருந்தவரும் இந்த டூரி கிங்தான்.

ஆக, ஆய்வகமும் அதையே சொல்கிறது. ஸ்மித் ஒரு குடும்பம் அல்ல. தனித்தனி ஊர்களில் தனித்தனியாக முளைத்த ஆயிரக்கணக்கான பெயர்கள், எழுத்தில் மட்டும் ஒன்றுபோல இருக்கின்றன.

ஸ்மித் குடும்பத்தில் பிறந்து தன் முன்னோரைத் தேடுகிறவர்கள் இதை அனுபவத்தில் தெரிந்துகொள்கிறார்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஏடு முழுக்க ஜான் ஸ்மித்களே வருவார்கள். அதனால் பழைய ஆய்வாளர்கள் சொல்லும் யோசனை: அம்மா வழியில் ஏதாவது அரிதான பெயர் இருந்தால் அதைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் எந்த ஊர், என்ன தொழில் என்று இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். 1413-ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டதும் இந்த இரண்டைத்தான்.

வெறும் ஸ்மித் என்றால் போதாது என்பதை ஊரும் நாடும் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டன. 1815-ல் இங்கிலாந்து, வேல்ஸ் நிலத்தடிப் பாறைகளுக்கு முதல் பெரிய வரைபடத்தைத் தயாரித்த வில்லியம் ஸ்மித்துக்கு "ஸ்ட்ராட்டா ஸ்மித்" என்று பெயர் விழுந்தது. பாறை அடுக்குகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர் என்பதால். 1889-ல் ஒரே ஒரு டெஸ்டில் ஆடி, அதிலேயே இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கி, பிற்பாடு ஹாலிவுட் நடிகரான ஆப்ரி ஸ்மித் வேகப்பந்து வீச வளைந்து வளைந்து ஓடிவருவார். அவர் "ரவுண்ட் தி கார்னர் ஸ்மித்". ஸ்மித் என்பதே எந்த ஜான் என்று சொல்லப் பிறந்த அடைமொழி. அது தேய்ந்துபோனதும், எந்த ஸ்மித் என்று சொல்ல இன்னோர் அடைமொழி பிறந்துவிட்டது.

அடுத்த முறை ஓர் ஆங்கிலத் தொழில்பெயரைக் கேட்டால், அவர்கள் மூதாதை என்ன வேலை செய்தார் என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஊரில் அந்த வேலையைச் செய்தவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்டுப் பாருங்கள். டெய்லர், ரைட், குக், கிளார்க் என்று எதை எடுத்தாலும் இந்தக் கேள்வி வேலை செய்யும். ஜோன்ஸுக்கு மட்டும் செல்லாது. அது வேல்ஸ்காரர்கள் அப்பன் பெயரை வைத்து விளையாடிய விளையாட்டு. அதற்குத் தனிப் பதிவு போட வேண்டும்.